சாக்லேட் சாப்பிட்டால் மறதி போகுமா?



மருத்துவ உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வரும் மனுக்களில் பெரும்பாலும் டயாலிசிஸ், கண் ஆபரேஷன், பிரசவச் செலவு என்றுதான் இருக்கும். இரண்டு மாதங்களுக்கு முன் வந்த ஒரு மனு வேறு மாதிரி இருந்தது. சிப்காட்டில் ஷிப்டு வேலை பார்க்கும் சகோதரர் ஒருவர் தம் தாயாருக்காக எழுதியிருந்தார். தாயாருக்கு வயது 68. அஸர் தொழுதோமா இல்லையா என்று ஒரே மாலையில் மூன்று முறை கேட்கிறாராம். அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துபோகிறாராம். கோகோ சாறு அடைத்த கேப்சூல் சாப்பிட்டால் நினைவாற்றல் திரும்பும் என்று மொபைலில் பார்த்திருக்கிறார். ஒரு டப்பா 3,000 ரூபாய்க்கு மேல். ஒரு டப்பாவைக் கடன் வாங்கி வாங்கிவிட்டார். மாதாமாதம் வாங்க அறக்கட்டளை உதவுமா என்பது அவர் கேள்வி.

அதே வாரம் மதரஸாவில் உஸ்தாத் ஒருவர் எங்களிடம் வேறொன்றைச் சொன்னார். ஹிப்ழு ஓதும் பிள்ளைகளில் சிலருடைய பையில் தினமும் ஒரு சாக்லேட் இருக்கிறது. கேட்டால், "மனப்பாடம் நல்லா வரும்னு அம்மா கொடுத்தாங்க" என்கிறார்கள். சபக் சொல்லும்போது வாயெல்லாம் சாக்லேட்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது, இது ஒரு வீட்டுப் பிரச்சினை இல்லை என்று தோன்றியது. ஜகாத்தாகவும் ஸதக்காவாகவும் மக்கள் கொடுத்த பணத்தை எதற்குச் செலவிடுகிறோம் என்பதற்கு நாங்கள் பதில் சொல்ல வேண்டியவர்கள். ஆகவே உடனே மறுக்கவும் இல்லை, உடனே கொடுக்கவும் இல்லை. இதைப் பற்றி நடந்துள்ள ஆய்வுகளைத் தேடிப் படித்தோம், தெரிந்த டாக்டர்களிடமும் கேட்டோம். படித்ததில் நம் வீடுகளுக்குப் பயன்படும் என்று தோன்றியதை இங்கே எழுதுகிறோம்.

முதலில் அந்தக் கொட்டையைப் பற்றி. கோகோ மரம் தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. நம் நாட்டுக்கு அது முதலில் வந்து இறங்கிய இடம் நம் தமிழ்நாட்டுக் குற்றாலம்தான் என்பது பலருக்குத் தெரியாது. 1798-ல் கிழக்கிந்திய கம்பெனியார் அம்பொய்னா தீவிலிருந்து கொண்டுவந்து அங்கே நட்டார்கள். பெரிய அளவில் பயிரானது அதற்கு வெகுகாலம் கழித்து, 1960களுக்குப் பிறகு. இன்று பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராக நிற்கிறது. காய் நேராக அடிமரத்திலேயே காய்க்கும். உடைத்தால் வெள்ளைச் சதை இனிக்கும். உள்ளே இருக்கும் கொட்டையோ வாயில் வைக்க முடியாத கசப்பு. அந்தக் கொட்டையைப் புளிக்க வைத்து, வெயிலில் காயவைத்து, வறுத்து அரைத்தால்தான் நமக்குத் தெரிந்த சாக்லேட் வாசனை வரும்.

அந்தக் கசப்பில்தான் விஷயம் இருக்கிறது. கசப்பும் துவர்ப்பும் தருகிற பொருள்களில் ஒரு வகைக்கு ஃபிளவனால் என்று பெயர். அதில் முக்கியமானது எபிகேட்டசின். இவை கோகோவுக்கு மட்டும் சொந்தமானவை அல்ல. தேயிலையிலும் ஆப்பிள் தோலிலும் திராட்சையிலும் உண்டு. கோகோவில் கூடுதலாக இருக்கின்றன, அவ்வளவுதான். இவற்றைத் தவிர கோகோவில் தியோபுரோமின் என்ற பொருளும் கொஞ்சம் காஃபினும் இருக்கின்றன. சாப்பிட்டதும் கொஞ்சம் சுறுசுறுப்பாக இருப்பதற்கு அவைதான் காரணம். அந்தச் சுறுசுறுப்பை நினைவாற்றல் என்று எண்ணிவிடக் கூடாது.

ஃபிளவனால் மூளையில் என்ன செய்கிறது? ஆய்வாளர்கள் சொல்வது இது. நம் ரத்தக் குழாய்களின் உட்சுவரில் மெல்லிய ஒரு படலம் உண்டு. அது நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரக்கும்போது குழாய் இளகி விரிகிறது. ரத்தம் தாராளமாக ஓடுகிறது. ஃபிளவனால் இந்தச் சுரப்புக்கு உதவுகிறது. நம் உடல் எடையில் மூளை ஏறக்குறைய 2 சதவீதம்தான். ஆனால் உடலுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனில் 20 சதவீதத்தை அதுவே எடுத்துக்கொள்கிறது. எனவே ரத்த ஓட்டம் சீரானால் மூளைக்கு லாபம். மூளைக்குள் ஹிப்போகேம்பஸ் என்றொரு பகுதி இருக்கிறது. கடல்குதிரை வடிவில் இருப்பதால் அந்தப் பெயர். புதிதாகக் கேட்டதை, பார்த்ததைப் பதிய வைப்பது அதன் வேலை. காலையில் யார் வந்தார்கள், மாத்திரை போட்டோமா என்பதெல்லாம் அங்கேதான் முதலில் பதிகிறது. வயதாகும்போது சீக்கிரம் தளரும் பகுதிகளில் அதுவும் ஒன்று. அதனால்தான் முதியவர்களுக்கு 40 வருடத்துக்கு முந்தைய நிக்காஹ் விருந்தின் சமையல் நினைவிருக்கும். காலை நாஷ்டா நினைவிருக்காது.

இந்த ஆராய்ச்சியின் தொடக்கம் சுவையானது. பனாமா நாட்டைச் சேர்ந்த சான் பிளாஸ் தீவுகளில் குனா என்ற பழங்குடி மக்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வயதானாலும் ரத்த அழுத்தம் ஏறுவதில்லை என்று ஹார்வர்டைச் சேர்ந்த டாக்டர் நார்மன் ஹாலன்பெர்க் 1990களில் கவனித்தார். பரம்பரைக் குணமோ என்று பார்த்தால், அதே மக்கள் பனாமா நகரத்துக்குக் குடிபெயர்ந்ததும் ரத்த அழுத்தம் ஏறியது. தீவில் இருந்தவர்கள் தாங்களே தயாரித்த கோகோ பானத்தைத் தினமும் பல கோப்பை குடித்து வந்தார்கள். நகரத்தில் அந்தப் பழக்கம் போய்விட்டது. தீவு வாழ்க்கையில் மீன், உழைப்பு என்று வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனாலும் இங்கிருந்துதான் கோகோவின் மேல் டாக்டர்களின் பார்வை திரும்பியது.

அடுத்து இத்தாலியில் லாக்விலா என்ற ஊரில், லேசான மறதி தொடங்கியிருந்த 90 முதியவர்களுக்கு 8 வாரம் கோகோ பானம் கொடுத்துப் பார்த்தார்கள். ஃபிளவனால் அதிகம் குடித்தவர்கள் சில சோதனைகளில் முன்னேறியிருந்தார்கள். ரத்த அழுத்தமும் குறைந்தது. இது 2012-ல் வெளியானது. 2014-ல் அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வு வந்தது. 50 முதல் 69 வயது வரையுள்ள 37 பேரில் ஒரு சாராருக்குத் தினம் 900 மில்லிகிராம் ஃபிளவனால், மற்றவர்களுக்கு வெறும் 10 மில்லிகிராம். மூன்று மாதம் கழித்து, அதிகம் பெற்றவர்களுக்கு ஹிப்போகேம்பஸின் ஒரு பகுதியில் ரத்த ஓட்டம் கூடியிருந்தது ஸ்கேனில் தெரிந்தது. பார்த்த உருவங்களை அடையாளம் காணும் சோதனையிலும் அவர்கள் வேகமாக இருந்தார்கள். உலகமெங்கும் பத்திரிகைகள் "சாக்லேட் மறதியைப் போக்கும்" என்று எழுதியது அப்போதுதான். நம் மொபைல்களில் இன்றும் சுற்றுவது பெரும்பாலும் அந்தப் பழைய செய்தியின் வால்தான்.

ஆனால் 37 பேர் என்பது நம் ஜும்ஆவில் இரண்டு ஸஃப் கூட நிறையாத கூட்டம். இத்தனை பேரை வைத்து மூன்று மாதம் பார்த்ததைக் கொண்டு முடிவு கட்ட முடியாது என்று ஆய்வாளர்களுக்கே தெரியும். ஆகவே பெரிய அளவில் ஒன்றைத் தொடங்கினார்கள். அதன் பெயர் காஸ்மோஸ். அமெரிக்காவில் 60 வயதைத் தாண்டிய ஆண்களும் 65 வயதைத் தாண்டிய பெண்களுமாக 21,442 பேர். இவர்களில் ஒரு சாராருக்குத் தினமும் 500 மில்லிகிராம் ஃபிளவனால் கொண்ட கோகோ கேப்சூல். மற்றொரு சாராருக்கு அதே தோற்றத்தில் ஒன்றுமில்லாத வெறும் கேப்சூல். எது யாருக்கு என்று சாப்பிடுகிறவர்களுக்கும் தெரியாது, சோதிக்கிறவர்களுக்கும் தெரியாது. மருந்து சாப்பிடுகிறோம் என்ற எண்ணமே மனிதனுக்குத் தெம்பு தரும். அந்தத் தெம்பைக் கழித்துவிட்டுப் பார்ப்பதற்குத்தான் இந்த ஏற்பாடு.

முடிவுகள் எப்படி இருந்தன? இவர்களில் 2,262 பேரிடம் மூன்று ஆண்டுகள் தொலைபேசி வழியே நினைவுச் சோதனை நடத்தினார்கள். கோகோவால் எந்தப் பலனும் தெரியவில்லை. இது 2022-ல் வெளியானது. வேறு 573 பேரை நேரில் வரவழைத்து விரிவாகச் சோதித்ததிலும் மொத்தத்தில் பலன் இல்லை. இன்னொரு பிரிவில் 3,562 பேர் கணினி வழியே சோதிக்கப்பட்டார்கள். சொற்களைப் பட்டியலாகக் காட்டி நினைவிருப்பதைச் சொல்லச் சொன்னார்கள். அதிலும் எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் ஒன்று தெரிந்தது. ஏற்கெனவே உணவில் ஃபிளவனால் மிகக் குறைவாகச் சாப்பிட்டு வந்தவர்களுக்கு மட்டும் நினைவாற்றல் மேம்பட்டது. வெறும் கேப்சூல் சாப்பிட்டவர்களைவிட ஏறக்குறைய 10 சதவீதம் கூடுதல். காய்கறி, பழம், தேநீர் என்று ஒழுங்காகச் சாப்பிட்டு வந்தவர்களுக்கு எதுவும் கூடவில்லை. 2023-ல் வெளியான முடிவு இது.

இதை எங்கள் வார்த்தையில் சொன்னால், காய்ந்த நிலத்துக்குத் தண்ணீர் விட்டால் பயிர் தலை தூக்கும். ஈரமான நிலத்துக்கு விட்டால் அதே பயிர்தான் நிற்கும். கோகோவில் மந்திரம் எதுவும் இல்லை. உணவில் இருக்க வேண்டிய ஒன்று இல்லாதவர்களுக்கு அது ஒரு ஈடு. அந்த ஈட்டைப் பழத்திலிருந்தும் தேநீரிலிருந்தும் பெறலாம். இந்த ஆய்வுகளுக்குப் பண உதவி செய்தவர்களில் மார்ஸ் என்ற சாக்லேட் கம்பெனியும் உண்டு என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். அதனால் ஆய்வு பொய் என்று ஆகாது. அரசு நிதியும் அதில் இருந்தது. ஆனால் கம்பெனி பணம் கொடுத்தும் பெரிய பலன் வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இன்னொரு செய்தியும் அடிக்கடி ஃபார்வேர்டு ஆகிறது. அதிகம் சாக்லேட் சாப்பிடும் நாடுகளுக்கு அதிகம் நோபல் பரிசு கிடைக்கிறது என்று. 2012-ல் டாக்டர் மெஸ்ஸர்லி என்பவர் ஒரு பெரிய மருத்துவ இதழில் அப்படி ஒரு வரைபடம் போட்டது உண்மைதான். பிப்ரவரி நெருங்கும்போது ஓசூரில் ரோஜா வியாபாரம் ஏறும். அதே குளிரில் டாக்டர் வீட்டு வாசலில் சளி இருமல்காரர்கள் கூட்டமும் ஏறும். ரோஜாவால் சளி வந்தது என்று நாம் யாரும் சொல்ல மாட்டோம். பணக்கார நாடுகள் சாக்லேட்டும் வாங்குகின்றன, ஆராய்ச்சிக்கும் செலவழிக்கின்றன. விஷயம் அவ்வளவுதான்.

இப்போது கடைச் சாக்லேட்டுக்கு வருவோம். ஆய்வில் கொடுத்தது சாக்லேட் இல்லை. சர்க்கரை இல்லாத சாறு. கடையில் கிடைக்கும் மில்க் சாக்லேட்டில் ஏறக்குறைய பாதி சர்க்கரை. ஊட்டிக்குப் போய்விட்டு வருகிறவர்கள் கிலோ கணக்கில் வாங்கி வரும் சாக்லேட்டும் அப்படித்தான். பிள்ளைகளுக்கு ஆசைக்குக் கொடுங்கள், மருந்தென்று கொடுக்காதீர்கள். கோகோ பவுடரிலும் வித்தியாசம் இருக்கிறது. கசப்பைக் குறைக்கவும் நிறம் கருக்கவும் பவுடரைக் காரம் சேர்த்துப் பதப்படுத்துகிறார்கள். ஹாலந்து நாட்டில் வான் ஹூட்டன் குடும்பத்தார் 19-ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்த முறை. இதில் கசப்போடு ஃபிளவனாலும் போய்விடுகிறது. ஒரு அளவீட்டில், பதப்படுத்தாத பவுடரில் கிராமுக்கு 34 மில்லிகிராம் சொச்சம் இருந்தது. நன்றாகப் பதப்படுத்தியதில் 4 மில்லிகிராம் கூட இல்லை. அதாவது ஆய்வில் கொடுத்த 500 மில்லிகிராமைப் பெற முதல் வகையில் 15 கிராம் போதும். இரண்டாவது வகையில் தினமும் 125 கிராமுக்கு மேல் பவுடரைத் தின்ன வேண்டும். கோகோ பவுடர் பாக்கெட்டின் பின்புறம் 500 அல்லது 501 என்ற எண் போட்டிருந்தால் அது காரம் சேர்த்தது என்று தெரிந்துகொள்ளலாம். பாலில் கலக்கும் டிரிங்கிங் சாக்லேட் பவுடர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பாக்கெட்டில் முதலில் எழுதியிருப்பது பெரும்பாலும் சர்க்கரைதான்.

அப்படியானால் கசப்பான டார்க் சாக்லேட்? அதில் கோகோ கூடுதல்தான். ஆனால் 2022 டிசம்பரில் அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் அமைப்பு 28 டார்க் சாக்லேட்டுகளைச் சோதித்தபோது, 23-ல் ஈயமோ கேட்மியமோ, தினம் ஒரு அவுன்ஸ் சாப்பிட்டாலே கவலைப்படும் அளவுக்கு இருந்தது. ஈயம் சிறு பிள்ளைகளின் மூளைக்கு நேரடி எதிரி. நினைவாற்றலுக்கென்று தினமும் டார்க் சாக்லேட் கொடுத்து ஈயத்தைச் சேர்த்துக் கொடுப்பது எந்தக் கணக்கில் சேரும்? கர்ப்பிணிகளும் கவனமாக இருக்க வேண்டும். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் கோகோவில் உள்ள ஆக்சலேட்டை நினைவில் வைக்கவும். வெளிநாட்டிலிருந்து வரும் பெட்டிகளில் மது நிரப்பிய சாக்லேட்டும் கலந்து வருவதுண்டு. எழுதியிருப்பதைப் படிக்காமல் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடாதீர்கள்.

ஹிப்ழு பிள்ளைகளின் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. மேலே சொன்ன பெரிய ஆய்வுகள் எல்லாம் முதியவர்களிடம் நடந்தவை. பிள்ளைகளுக்கு மனப்பாடம் நிற்பது தூக்கத்தில். பகலில் படித்ததை ஹிப்போகேம்பஸ் இரவுத் தூக்கத்தில் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துப் பதிய வைக்கிறது. சுபுஹுக்குப் பின் புதிய சபக், பிறகு பழைய பாடம் திரும்ப ஓதுவது என்று நம் உஸ்தாத்மார்கள் காலம் காலமாக வைத்திருக்கும் முறை இதோடு நன்றாகப் பொருந்துகிறது. 11 மணி வரை மொபைல் பார்த்துவிட்டு 4:30-க்கு எழும் பிள்ளைக்கு எந்தச் சாக்லேட்டும் உதவாது. இரவில் கொடுத்தால் அதிலுள்ள காஃபின் மிச்சமிருக்கும் தூக்கத்தையும் கெடுக்கும். காலையில் ராகிக் கூழோ களியோ, ஒரு முட்டை, ஒரு பழம். நம் பக்கத்து ராகியின் மேல்தோலிலும் இதே பெரிய குடும்பத்தைச் சேர்ந்த பாலிஃபினால்கள் இருக்கின்றன. தோலோடு அரைத்த மாவாக இருக்கட்டும். சானமாவுக் காட்டு யானைகள் குளிர்காலத்தில் ராகி வயலைத் தேடி வருவது சும்மாவா என்று எங்கள் அலுவலகத்தில் ஒரு பெரியவர் சொல்லிச் சிரிப்பார்.

முதியவர்கள் விஷயம்தான் இன்னும் முக்கியம். சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுவது வயதின் மறதி. சாவி எதற்கு என்பதே புரியாமல் கையில் வைத்துப் பார்ப்பது நோயின் மறதி. இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா என்னும் மறதி நோய் இருப்பதாக 2023-ல் வெளியான ஒரு தேசிய ஆய்வு கணக்கிட்டது. நம் ஜமாஅத்திலும் இருக்கிறார்கள். வெளியே சொல்லக் கூச்சப்பட்டு, "வயசாயிடுச்சு" என்று மூடி வைத்திருக்கிறோம். சில வீடுகளில் ஓதிப் பார்க்கச் சொல்லி அலைகிறார்கள். துஆ செய்யுங்கள், அதோடு டாக்டரிடமும் காட்டுங்கள்.

ஏனென்றால் மறதிக்குக் காரணம் எப்போதும் தீராத நோயாக இருப்பதில்லை. பி12 வைட்டமின் குறைந்தால் மறதி வரும், ஊசியில் சரியாகும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுநாள் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறைவது சகஜம். தைராய்டு குறைந்தாலும் மறதி வரும். மனச்சோர்வு மறதியைப் போலவே வேஷம் போடும். துணையை இழந்து தனியாக இருக்கும் பெரியவர்களிடம் இதைப் பார்க்கலாம். காது கேட்காதவருக்குச் சொன்னதே போய்ச் சேர்ந்திருக்காது, நாம் மறந்துவிட்டார் என்போம். 2024-ல் லான்செட் மருத்துவ இதழின் குழு, நாம் மாற்றக்கூடிய 14 காரணங்களைக் கவனித்தால் உலகில் ஏறக்குறைய பாதி டிமென்ஷியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்றது. ரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, புகை, காது மந்தம், கண் பார்வை, தனிமை, உடல் உழைப்பின்மை, படிப்பின்மை என்று போகிறது அந்தப் பட்டியல். கோகோ குறைவு அதில் இல்லை.

ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வீடு தேடிக் கொண்டுவரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கப்பட்டதே நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். காசு கொடுக்க வேண்டியதில்லை. பெயர் பதியாத பெரியவர்கள் நம் தெருக்களில் இன்னும் இருக்கிறார்கள். மறதி கூடிக்கொண்டே போனால், நாம் வேலைக்கும் சந்தைக்கும் போய்வரும் அதே ஓசூர் சாலையில்தான் பெங்களூரு நிம்ஹான்ஸ் இருக்கிறது.

அந்தச் சகோதரரின் மனுவை நிர்வாகக் குழு பார்த்தது. கேப்சூலுக்குப் பணம் தருவதில்லை, ரத்தப் பரிசோதனைக்கும் காது பரிசோதனைக்கும் தருவது என்று முடிவானது. அவருக்கு முதலில் வருத்தம்தான். "மருந்து கேட்டால் டெஸ்ட் எழுதிக் கொடுக்கிறீர்களே பாய்" என்றார். பரிசோதனையில் தாயாருக்கு பி12 மிகக் குறைவு என்று தெரிந்தது. ஏழு வருடமாக மெட்ஃபார்மின் சாப்பிட்டு வந்திருக்கிறார். ஒரு காது பெரும்பாலும் கேட்கவில்லை. ரத்த அழுத்த மாத்திரையை, நன்றாகத்தானே இருக்கிறோம் என்று ஒரு வருடத்துக்கு முன்பே நிறுத்தியிருந்தார்.

ஊசி போட்டு, மாத்திரையைத் திரும்பத் தொடங்கி, காதுக் கருவி வைத்து இப்போது ஏழு வாரம். முற்றிலும் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. சில மாலைகளில் அதே கேள்வியை இரண்டாவது முறையும் கேட்கிறார். அடுப்பை மருமகள் பார்த்துக்கொள்கிறார். சென்ற வெள்ளி நாங்கள் வீட்டுக்குப் போனபோது எங்களை அடையாளம் கண்டுகொண்டு, மனுவை மறுத்தவர்கள் நீங்கள்தானே என்று சிரித்தார். பாதி மிச்சமிருந்த கேப்சூல் டப்பா அலமாரியில் இருந்தது. அதை என்ன செய்வது என்று மகன் கேட்டார். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது எடுத்துப்போய்க் காட்டச் சொல்லியிருக்கிறோம்.